போன மாதம் போலவே

திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர் போல, சம்பளப் படிவ ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார் கணக்கர்.

“குடுய்யா அதை,” என்றார் மேனேஜர். “ஊரே கம்ப்யூட்டருக்குப் போயாச்சு. நம்ம அட்டைப்பெட்டி கம்பெனி மட்டும் இன்னும் மாசாமாசம் காகிதத்தைத் தூக்கிட்டு அலையணுமா?”

எதிரே முதலாளியம்மாவும் தொழிலாளர் துறை அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பள விவரத்தை இனி ஆன்லைனில் அனுப்புங்கள் என்று கம்பெனி கம்பெனியாகக் கெஞ்சுவதுதான் அந்த அதிகாரியம்மாவின் வேலை. கெஞ்சுவதற்கு முன்பே தலையாட்டிய ஒரே மேனேஜர் இவர். அந்தப் பெருமை புதுக் கோட்டுக்குள் அடங்காமல் திமிறிக்கொண்டிருந்தது.

“சார், ஒரு நிமிஷம் தனியா...”

“தனியா என்ன ரகசியம்? இவர் இப்படித்தான் மேடம். ‘போன மாசத்தைப் பாத்து அப்படியே எழுதுய்யா’ன்னு நான் சொல்லுவேன், இவர் எழுதுவார். சொந்தமா ஒரு புள்ளிகூட வைக்கத் தெரியாது.”

அதிகாரி சிரித்தார். “இதுல எழுதவே வேண்டாம் சார். அடையாள அட்டை நம்பரைப் போட்டா போதும், பேரு, வயசு எல்லாம் அதுவே எடுத்துக்கும்.”

நேற்றுப் பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டதிலிருந்தே கணக்கருக்குச் சோறு இறங்கவில்லை.

“இதை அனுப்பினா ஒருத்தர் வேலை போயிடும் சார்.”

முதலாளியம்மா கணக்கரை மேலும் கீழும் பார்த்தார். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அப்படி வாய்யா வழிக்கு. போகட்டுமே. பொய்யை எழுதிட்டு ஒட்டிக்கிட்டிருக்கிறவன் எவனா இருந்தாலும் இன்னைக்கே வீட்டுக்குப் போகட்டும். என்னம்மா சொல்றீங்க?”

“இன்னைக்கேதான்,” என்றார் முதலாளியம்மா, கணக்கரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் சார்.”

“என் நல்லதை நான் பாத்துக்கறேன். நீ உன்னைப் பாரு.”

கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்பத்தொரு பேரின் நம்பரையும் மேனேஜரே தட்டினார். அணையைத் திறந்துவைப்பவர் போல விரலை உயர்த்தி, ‘அனுப்பு’ என்ற இடத்தில் அழுத்தினார். கணக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ‘அறுபது வயது ஓய்வு வரம்பைத் தாண்டியவர்: ஒருவர்.’

“சிக்கிட்டார் பாத்தீங்களா மேடம்,” என்று மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “உனக்கு உண்மையிலேயே என்ன வயசுய்யா?”

“அம்பத்தொண்ணு சார்.”

“அதையும் பாத்துடுவோம்.” பெயரைக் காட்டும் இடத்தில் தட்டினார். சிரிப்பு பாதியில் நின்றது. “இது... மிஷின் ஏதோ தப்பாக் காட்டுதே?”

கணக்கர் ஃபைலை மெல்ல மேசைமேல் வைத்தார்.

“மிஷின் சரியாத்தான் காட்டுது. பேப்பர்லதான் சார், அஞ்சு வருஷமா உங்களுக்கு அம்பத்தெட்டு வயசு.”