இறந்தகாலம் மட்டும் போதும்

“‘டிட்’டுக்கு அப்புறம் ‘வென்ட்’ வராதும்மா! எத்தன தடவ சொல்றது? ‘டிட் யூ கோ’ன்னுதான் கேக்கணும்” என்று கத்தினாள் நித்தியா.

சுங்கை செம்பிலாங்கில் வாங்கி வந்த மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்த இராஜம்மா, கத்தியை மகள் பக்கம் நீட்டினாள். “நேத்து நடந்ததுக்கு ‘வென்ட்’டுன்னு நீதானடி சொன்ன? இப்ப ‘கோ’ங்கிற. வெள்ளக்காரனுக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு, உனக்குமா?”

“கேள்வின்னா ‘டிட்’ முன்னுக்கு வந்துரும்லா. நடந்து முடிஞ்சதுன்னு அதுவே சொல்லிரும். அப்புறம் ‘கோ’வ எதுக்கு மாத்தணும்?”

“இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன கேடு?”

குவாலா சிலாங்கூரில் அந்த வீட்டுக் குசினியில் சில வாரங்களாக இதே கூத்துதான். எல்லாம் நித்தியாவின் தம்பி திலீப்பால் வந்த வினை. பத்தாங் காலியில் ஜோன் என்று ஒரு பெண்ணைப் பார்த்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

“அவங்க சர்ச்சுக் குடும்பம்மா. அப்பா, அம்மா எல்லாரும் இங்கிலீஷ்தான், தமிழ் சுத்தமா வராது. நீ வந்து சிரிச்ச மொகமா ஒக்காந்திரு. பேச்செல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்று அவன் சொன்னதும் இராஜம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சிரிச்சிட்டு வர்றதுக்கு நான் என்ன பொம்மையாடா? சம்பந்தம் பேசப் போறவ வாயத் தொறக்கக் கூடாதா?”

நித்தியாவுக்கும் தம்பி மேல் ஆத்திரம்தான். பெற்ற தாயை நாலு பேர் முன்னால் காட்ட வெட்கப்படுகிறான் பாவி! ரவாங்கில் ஃபேக்டரி ஆபீசில் நாள் முழுக்க இங்கிலீஷில் மாரடிக்கிறவள் அவள். அம்மாவைப் பேச வைத்து அவன் முகத்தில் கரி பூசாமல் விடுவதில்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஆனால் இராஜம்மா லேசுப்பட்ட மாணவியா? நிகழ்காலத்தை ஆரம்பித்த அன்றே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இப்ப என்ன செய்றாங்கன்னு நான் ஏன் கேக்கணும்? அதான் கண்ணால பாக்கப் போறேனே.”

“சரி, ஃபியூச்சர் டென்ஸ். கல்யாணத்த எப்ப வைப்பீங்க, எங்க வைப்பீங்கன்னு கேக்க வேணாமா?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு முடிஞ்சு போனத மட்டும் சொல்லிக்குடு. அதுலயும் கேள்வியா சொல்லிக்குடு. எங்க இருந்தீங்க, என்ன வேல செஞ்சீங்க, அந்தமாரி.”

“அவங்க திருப்பிக் கேட்டா பதில் சொல்லத் தெரிய வேணாமா?”

“நான் மாப்பிள வீட்டுக்காரிடி. நான் எதுக்குப் பதில் சொல்லணும்?”

நித்தியா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். குழம்பு கொதிக்கும், இராஜம்மாவும் கொதிப்பாள், நடுவில் ‘வேர் டிட்’, ‘வாட் டிட்’ என்று குசினியே அதிரும். திலீப் சாப்பிட வந்தால் அதைக் கேட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

“எதுக்குக்கா இந்த வேண்டாத வேல? இந்த வயசுல அம்மாவப் போட்டு ஏன் படுத்துற?” என்று ஒருநாள் பாய்ந்தான்.

“உனக்கு அம்மாவ வெளிய காட்டக் கூச்சம். மூடிக்கிட்டுப் போ” என்றாள் நித்தியா. அன்றோடு அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது.

பெண் பார்க்கும் நாள் வந்தது. பத்தாங் காலி வீட்டில் ஜோனின் அப்பா காப்ரியல், “கம், கம், சிட்” என்று வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். அவர் மனைவி அன்னம்மா ஒரு வார்த்தை பேசாமல் சிரித்துக்கொண்டே பலகாரத் தட்டை வைத்தாள், டீ ஊற்றினாள். திலீப் அவசர அவசரமாக எதையோ சொல்ல வாயெடுத்தான். இராஜம்மா கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

“மிஸ்டர் காப்ரியல். விச் எஸ்டேட் டிட் யூ கம் ஃப்ரம்?”

நித்தியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா ‘கேம்’ என்று சொல்லவில்லை! காப்ரியல் சந்தோஷமாக ஒரு தோட்டத்தின் பேரைச் சொன்னார்.

“வாட் வொர்க் டிட் யுவர் ஃபாதர் டூ?”

“டேப்பர். ரப்பர் டேப்பர்” என்றார் காப்ரியல். ரப்பர் மரம் சீவினவர் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ம்மா, போதும். டீ ஆறுது” என்று திலீப் பல்லிடுக்கில் சொன்னான். பொறாமையைப் பார், என்று நித்தியா அவனை முறைத்தாள். இராஜம்மா டீயைத் தொடவே இல்லை.

“விச் லைன் டிட் யூ லிவ் இன்? டாப் லைன்? லாஸ்ட் லைன்?”

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் மேல் வரிசையில் குடியிருந்தீர்களா, கடைசி வரிசையிலா என்று கேட்கிறாள். இது நித்தியா சொல்லிக்கொடுக்காத கேள்வி! அம்மா சொந்தமாகக் கட்டிய முதல் வாக்கியம், அதில் ஒரு பிழை இல்லை. டவுனில் பிறந்து வளர்ந்த நித்தியாவுக்கு எந்த வரிசையாக இருந்தால் என்ன, கை தட்டாத குறையாக அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. காப்ரியல் தலையைக் குனிந்துகொண்டார். ஜோன் திலீப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அதுவரை வாயே திறக்காத அன்னம்மா, பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இராஜம்மாவை நேராகப் பார்த்தாள்.

“என்ன சாதின்னு தமிழ்லயே கேட்டிருக்கலாமே.”