காட்டில் ஒன்றே ஒன்று

மனிதர்கள் காப்புக்காட்டுக்குள் வரக் கூடாது என்று போன மாதம் சட்டம் வந்தது. வாசலில் இருந்த இயந்திரம் விலங்குகளுக்கு மட்டுமே கதவைத் திறந்தது. தன்னார்வலர்கள் எல்லோரும் திரும்பிப் போனார்கள். பூரணிக்கு மட்டும் அது தினமும் திறந்தது.

ஆறு வருடமாக அங்கே செடிகளை எண்ணியும் பிளாஸ்டிக் பொறுக்கியும் வந்தவள், கூச்சத்தில் அந்த வாசலிலோ காட்டிலோ ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேசாததெல்லாம் இயந்திரத்துக்கு விலங்குதான்.

பொறுப்பாளர் வேல்மயில் தன் அலுவலகத்தில் அவளை உட்காரவைத்து, இயந்திரம் அவளைப் பற்றி எழுதிய பதிவை வாசித்துச் சிரித்தார். "பெரிய விலங்கு. எழுபத்தெட்டு கிலோ. மெதுவாக நகரும். ஆள் சத்தம் கேட்டால் புதரில் ஒளியும்."

பூரணியால் ஒரு வரியைக்கூட மறுக்க முடியவில்லை.

"வாசல்ல நின்னு உன் பேரைச் சொல்லும்மா, திருத்திக்கும்."

"அப்புறமும் உள்ள விடுமாண்ணே?"

"எப்படி விடும்? நீதான் மனுஷி ஆயிடுவியே."

ஆட்களுக்கு நடுவே மூச்சு முட்டும் அவளுக்கு நிம்மதியாக நிற்க இருந்தது அந்தக் காடு மட்டும்தான்.

"அப்ப நான் சொல்லல."

"சொல்லலன்னா வேற தொல்லை. இந்த இனத்துல ஒண்ணுதான் மிச்சமாம். ஜோடி தேடச் சொல்லி மேலிடத்து உத்தரவு."

பத்து வருடமாக அவள் அம்மா செய்து களைத்த வேலை அது.

"தேடட்டும்ணே," என்றாள் பூரணி. "கிடைச்சா, அதுவும் பேசாததா இருக்கணும்னு எழுதிடுங்க."