தூரம் போகாத செட்

"இதைவிடத் தூரம் கம்மியா போற மாதிரி ஏதாவது இருக்கா?"

கணவர் கேட்டதும் கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். சோபாவில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு மானம் போனது.

எத்தனையோ வருஷம் கழித்துப் புது கோல்ஃப் செட் வாங்க வந்திருக்கிறார்கள். அயர்ன் செட் என்று பெயர். அவள் கண்ணுக்கு ஒரு கட்டு இரும்புக் கம்பிகள், அவ்வளவுதான். பழைய செட்டும் அவர் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. வேலையை விட்டுப்போன நண்பர் ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. போன ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு மட்டையின் தலை கழன்று பந்துக்கு முன்னால் பறந்து போனது. அதற்கப்புறம்தான் மனுஷன் கடைக்கு வரவே சம்மதித்தார்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது இவர் தனக்கென்று முதல்தரமாக ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டை எடுக்கப் போனால் தள்ளுபடி மூலைக்குத்தான் கால் போகும். வீடு பார்க்கப் போனபோதும், வெயில் எட்டிப்பார்க்காத பின்பக்கத்து வீடே போதும் என்றவர்.

அடித்துப் பார்க்கும் அறை இருட்டாக இருந்தது. சுவர் முழுக்க ஒரு திரை, அதில் பச்சைப் பசேல் என்று புல்வெளி. நிஜப் பந்து திரையில் மோதித் தொப்பென்று கீழே விழும். ஆனால் படத்துக்குள் அது பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கும். மேகங்கள் அவசரமே இல்லாமல் நகர்ந்தன. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். அந்தப் புல்வெளிக்குள் நடந்து போனால் திரும்பி வரவே தோன்றாது என்று நினைத்தாள்.

கடைக்காரர் முதலில் கொடுத்த செட்டில் அவர் ஒரு அடி அடித்தார் பாருங்கள்! பந்து ஓடையைத் தாண்டியது, மரங்களைத் தாண்டியது, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தது. அவர் வாய் பிளந்து நின்றார். கல்யாணமான புதிதில் இரண்டு பேருமாகக் கடல் பார்க்கப் போனபோது அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

அப்புறம் அந்த மட்டையை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அதன் இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டார்.

"சார், எல்லாரும் இன்னும் தூரம் போகணும்னுதான் கேப்பாங்க" என்றார் கடைக்காரர்.

"எனக்கு வேண்டாம்."

"தூரம் வேண்டாம்னா மெதுவா அடிச்சாப் போதுமே சார்?"

"மெதுவா அடிச்சாத் தெரிஞ்சுடும்."

"யாருக்கு சார்?"

அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கடைக்காரர் உள்ளே போய் இன்னொரு செட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். "இது பழைய மாடல். மட்டையில பந்து படற முகம் நல்லாச் சாய்ஞ்சிருக்கும். பந்து உயரமா எழும்பும், தூரம் போகாது. யாரும் சீந்தறதில்லை சார்."

"அதைக் குடுங்க."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, நல்லது எதுவுமே உங்களுக்கு ஒட்டாதா?"

"இது போதும்மா."

"எப்பப் பார்த்தாலும் போதும் போதும்! இருங்க, எங்க அண்ணன்கிட்டயே கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் ஆடப் போவது அவள் அண்ணனோடும் இன்னும் இரண்டு நண்பர்களோடும்தான். அண்ணன் பெரிய வக்கீல். கோர்ட்டில் அவர் வாயைத் திறந்தால் எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கால் நடுங்கும். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்ததிலிருந்து வீட்டில் யாரோடும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய்வந்தால் மட்டும் கொஞ்சம் கலகலப்பாக இருப்பார் என்று அண்ணி சொல்வாள்.

அவள் அறைக்கு வெளியே வந்து போன் போட்டாள். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "ஊர்ல இல்லாத நல்ல செட்டை வேண்டாம்கிறார்ணா. நீயாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

அண்ணன் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"விடு பாப்பா. மாப்பிள்ளை எதை வாங்கினாலும் ஒண்ணுதான். உன்கிட்ட சொல்றேன், அவர்கிட்ட சொல்லிடாதே. இப்பல்லாம் அவருக்குத் தூரமே போக மாட்டேங்குது."

"என்னண்ணா சொல்றே?"

"வயசாயிடுச்சு, பாவம். மத்த ரெண்டு பேர் பந்தும் எங்கேயோ போய் விழுது. அவங்க பாட்டுக்கு முன்னால போயிடறாங்க. மாப்பிள்ளை என்னதான் ஓங்கி அடிச்சாலும் என் பந்துக்குப் பக்கத்துலயேதான் வந்து விழுது. மனுஷனைத் தனியா நடக்க விட முடியுமா? அதான் நான் கூடவே நடந்து, பழைய கேஸ் கதையெல்லாம் சொல்லிக்கிட்டே போறேன். அவரும் விழுந்து விழுந்து சிரிக்கறார்."

அவள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள்.

யாரும் சீந்தாத அந்த மட்டையைக் கணவர் உடம்பின் பலமெல்லாம் திரட்டி ஓங்கி வீசினார். பந்து மேகம்வரை எழும்பியது. அங்கேயே கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு ஓடைக்கு இந்தப் பக்கமே மெல்ல இறங்கியது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அவள் கண்ணாடியில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாப்பா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேண்ணா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொல்றதுதான் சரி. இந்த வயசுல அவருக்கு எங்கே தூரம் போகப் போகுது? நீதாண்ணா கூடவே நடந்து அவரைப் பார்த்துக்கணும்."