மூன்று வேளை மாத்திரை

காலி மாத்திரை அட்டையைக் கண்ணாடி மேஜையின் மீது வைத்தார் அவர். பெயரை வாயால் சொல்லமாட்டார்.

ஆண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் மாத்திரை அது.

மெடிக்கல் கடைப் பலவேசம் அட்டையைப் பார்த்தான். அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தான்.

"போன மாசம் வாங்குனதெல்லாம் தீந்துட்டா அண்ணாச்சி? புது மதினிய எப்ப எங்க கண்ணுல காட்டப் போறீய?"

தைலம் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

மனைவியைப் பறிகொடுத்த மனிதர். தெருவுக்கு வேறென்ன வேண்டும்?

மாத்திரை மகளுக்கு.

நுரையீரலின் ரத்தக் குழாய்களில் அழற்சி என்றார் மதுரை டாக்டர். உள்சுவர் வீங்கி வீங்கி வழி குறுகிக்கொண்டே வருகிறது. அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயம் களைத்துப் போகிறது. ஆண்கள் வாங்கும் இதே மாத்திரை அந்த வழியையும் கொஞ்சம் திறந்துவிடும். மூன்று வேளையும் போடவேண்டும்.

வெளியே ஒரு வீக்கமும் இல்லை. அதனால்தான் மறைக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மகள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அவருக்குத்தான் மனம் கேட்கவில்லை. சீக்குக்காரி என்று அவளைச் சொல்வதைவிட, சபலக்காரன் என்று தன்னைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது.

வாசலில் மகள். அவர் மறந்துவிட்டு வந்த போன் அவள் கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

கடைக்கு இரண்டே படி. ஏறி வந்தவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூச்சு வரவேண்டும்.

எல்லோரும் அவள் உதட்டுச் சாயத்தைப் பார்த்தார்கள். வீட்டில் இருக்கும்போதுகூடப் பூசிக்கொள்கிறாள் என்று அதையும் இந்தத் தெரு விட்டுவைத்ததில்லை.

புறங்கையால் உதட்டை அழுத்தித் துடைத்தாள்.

நாவல்பழம் தின்றதுபோல் நீலமாக இருந்தது உதடு.

"மாத்திர எனக்குத்தாண்ணே... பில்லுல எம் பேரையே போடுங்க."

பலவேசம் பேனாவை எடுத்தான். வைத்தான். தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அவள் பக்கத்தில் போட்டான்.

சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும். அவள் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது.

அதை எடுக்க அவருக்குத் தெரியவில்லை.