நாற்பது நாள் நர்சிங்

கணிதத்தில் பட்டம் வாங்கிய கயல்விழிக்கு நர்சிங் படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்றில் ஒன்றரை வருடம் படிக்க வேண்டும். இன்னொன்றில் நாற்பது நாள் போதும். ஓய்வுபெற்ற ஒரு நர்ஸின் கைப்பழக்கத்தை அப்படியே மாணவிகளின் மூளையில் இறக்கிவிடுவார்கள். அக்கா பூங்கொடி அதைத்தான் படித்திருந்தாள். அவளையே கேட்டுவிடலாம் என்று கயல் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஊசி போட அக்கா வந்தாள். அம்மாவின் கையில் நரம்பு லேசில் அகப்படாது. அக்கா தடவிப் பார்த்து முதல் குத்திலேயே பிடித்துவிட்டாள். பிறகு அம்மாவின் நெற்றியை வருடி, "அழாத ஸ்டெல்லா, முடிஞ்சிருச்சு" என்றாள்.

"யாருடி ஸ்டெல்லா?" என்று கேட்டாள் அம்மா.

"அந்த நர்ஸோட பொண்ணும்மா. சின்ன வயசுலயே செத்துப்போச்சாம். ஊசி போட்டதும் எங்க பேட்ச்ல எல்லாருக்கும் இதுதான் வாயில வருது." அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அதை மட்டும் எடுக்க முடியாதாக்கா?" என்றாள் கயல்.

"கேட்டோம். எடுத்தா கையும் மறந்துடுமாம்."

கயல் ஒன்றரை வருடப் படிப்பில் சேர்வதென்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த வாரமும் அக்கா வந்து ஊசி போட்டாள். "அழாத ஸ்டெல்லா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு ஏங்குகிறவள் போல அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். கயலால் அதைப் பார்க்க முடியவில்லை.

அம்மா தன் மூத்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சிறுபிள்ளையின் குரலில், "வலிக்கலம்மா" என்றாள்.