பதிவு ஓடுகிறது

“உப்பில்லாம சாப்பிடறவன் நான். எனக்குப் போய் இந்த டி.வி. நாள் முழுக்கச் சமையல் காட்டுது, தம்பி. எந்த பட்டனை அமுக்கினாலும் சேனல் மாற மாட்டேங்குது!” கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் ரிமோட்டை ஆட்டிக் காட்டினார்.

“போன வாரம் எனக்குத் தெரியாம இவரே உங்க ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்கார்” என்றாள் அறை வாசலில் நின்ற அவர் மனைவி.

“உன்கிட்ட சொன்னா நடக்குமா?”

டிஷ் மெக்கானிக் சிரித்துக்கொண்டே டி.வி.யின் ஒயரைப் பிடித்துப் பார்த்தபடி நகர்ந்தான். கட்டிலின் தலைமாட்டில் அதோடு மெல்லிய இயர்போன் ஒயர் ஒன்றும் ஓடி, தலையணைக்கு அடியில் மறைந்தது. பெரியவர் ரேடியோவில் பாட்டுக் கேட்பார் போலிருக்கிறது.

டி.வி. ஒயர் ஹாலில் இருந்த பெட்டியில் போய் முடிந்தது. பெட்டியின் முகப்பில், பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு. அவனுக்குக் காரணம் புரிந்துவிட்டது. புரிந்ததை விளக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“மாடியில இருக்கற டிஷ் எல்லா சேனலையும் வாங்கும்மா. ஆனா இந்தப் பெட்டி ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் பிடிக்கும். அறை டி.வி.க்குத் தனிப் பெட்டி கிடையாது. இங்க என்ன ஓடுதோ அதேதான் அங்கேயும். பதிவு ஓடும்போது சேனலை மாத்தினா பதிவு கெட்டுடும் இல்லையா? அதான் மாத்த விடாம பூட்டிக்குது.”

திரையில் பதிவுகளைத் திறந்தான். காலையிலிருந்து இரவு வரை இடைவெளியே இல்லாமல் சமையல் நிகழ்ச்சிகள். ஒன்றைக்கூட யாரும் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

“யாரோ தெரியாம அமுக்கியிருக்காங்க. இப்பவே எடுத்துடறேன்.”

அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள். “தெரியாம இல்ல. நான்தான் போட்டேன்.”

சமையலறைக்கு அழைத்துப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் குரலை ஒளித்துக்கொண்டு பேசினாள்.

“எங்க பையன் சரக்குக் கப்பல்ல வேலை பார்க்கறான். புயல்ல கப்பல் கவுந்துடுச்சு. நியூஸ் முழுக்க அதான். இவருக்கு இப்பதான் நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. நடுக்கடல்ல சிக்னல் இல்லன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“நீங்களாவது நியூஸ் பார்க்கறீங்களாம்மா?”

“இருக்கறது ஒரு பெட்டி. அதையும்தான் பூட்டிட்டேனே. கம்பெனிக்காரங்க என் அண்ணன்கிட்டதான் பேசறாங்க. தேடிக்கிட்டுத்தான் இருக்காங்களாம். நல்லா நீந்துவான் தம்பி, எம்புள்ள. அவன் வந்து நிக்கறவரைக்கும் இவர் தாங்கினா போதும்.”

மெக்கானிக் தலையை ஆட்டினான். எதற்கும் சரியான காரணம் சொல்லியே பழகிய வாய், பொய்யான காரணம் ஒன்றைத் தேடியது. குழாயடியில் பாத்திரத்தை வெறுமனே தேய்த்துக்கொண்டிருந்த அவளை விட்டுவிட்டு அறைக்கு வந்தான்.

“பெட்டி பழசுங்க ஐயா. உள்ள ஏதோ போயிடுச்சு. இப்போதைக்கு ஒண்ணும் செய்ய முடியாது” என்றான், பெரியவரின் முகத்தைப் பார்க்காமல்.

பெரியவர் சமையலறைக் குழாய் ஓடுகிறதா என்று ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அவன் கையைப் பற்றி அருகே இழுத்தார்.

“நல்லதாப் போச்சு. அது பூட்டியே கிடக்கட்டும்.” அவருடைய இன்னொரு கை தலையணைக்கு அடியில் இருந்த ரேடியோவின் மேல் இருந்தது. “தேடறத இன்னிக்குக் காலையில நிறுத்திட்டாங்க, தம்பி. அவளுக்குத் தெரிய வேணாம்.”