சத்தம் குறைந்த வெடி

மறுபடியும் கோது வெளியே தெறிக்கவில்லை.

இசைவிழி பாயில் குப்புறப் படுத்தபடியே துவக்கின் பக்கப்பிடியைக் கையால் இழுத்து, உள்ளே சிக்கியிருந்த, சுட்ட ரவையின் வெற்றுக்கோதைத் தட்டிவிட்டாள். சுட்டதும் தானாகவே கோதை எறிந்துவிட்டு அடுத்த ரவையை ஏற்ற வேண்டிய துவக்கு அது. காலையிலிருந்தே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற யோகராஜாவுக்கு மகளைவிடப் பதற்றம்.

பெட்டைப்பிள்ளையைச் சுவிஸ் ஆமிக்கு விட்டிட்டாரே என்று அவர்கள் இருக்கும் டீட்டிகோனில் மூக்கில் விரல் வைத்த சனம் கொஞ்சமில்லை. அவர்கள் எல்லாருக்கும், ஊர்கூடிச் சுடும் ஃபெல்ட்ஷீசன் விழாவில் மகள் பதக்கத்தோடு நிற்கும் படத்தை இன்றைக்கே அனுப்ப வேண்டும். அதற்காகப் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

சுடுதிடலின் பொறுப்பாளர் குனிந்து பார்த்தார். காஸ் போகும் வழியில் கரி பிடித்திருக்கிறதாம். வால்வை ஒரு பல் திருப்பிவிட்டு, இனி ஓடும், ஓடாவிட்டால் இழுத்துவிட்டுச் சுடு என்று கையால் காட்டிவிட்டு நகர்ந்தார்.

யோகராஜாவுக்குப் பக்கத்தில் மனைவி இராஜேஸ்வரி, சாப்பிடப் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். காதுக்குத் தந்த கவசத்தின் ஒரு பக்கத்தை மேலே தள்ளிவிட்டிருந்தாள். ஒழுங்காகப் போடு என்று அவர் சைகை காட்டியதை அவள் கவனிக்கவில்லை.

அவள் இங்கே வந்ததே பெரிய காரியம். ஆகஸ்ட் முதலாம் திகதி, சுவிஸ் தேசிய நாள் வாணவேடிக்கைக்கு யன்னல்களையெல்லாம் பூட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய் இருக்கிறவள். மகள் ஆமித் துவக்கைக் கொண்டுவந்து வீட்டு நிலவறையில் வைத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. ஒரு உருளைக்கிழங்கு எடுப்பதென்றாலும் யோகராஜாதான் இறங்க வேண்டும். இந்தப் பயந்தாங்கொள்ளிக்கு இப்படி ஒரு மகள் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இராஜேஸ்வரி தன் எண்ணத்துக்கு ஒற்றைக்காலில் நின்றது ஒரேயொரு தடவைதான். எண்சாத்திரம் பார்த்து அவர் கொண்டுவந்த ஹரிஷா என்ற பெயரைப் பிள்ளை பெற்ற கட்டிலில் கிடந்தபடியே வேண்டாம் என்றுவிட்டாள். இசைவிழி என்றுதான் வைக்க வேண்டும் என்று அழுது சாதித்தாள்.

கடைசிச் சுற்று தொடங்கியது. ஒரு நிமிடத்துக்குள் ஆறு வெடி. பதக்கம் இதில்தான் இருக்கிறது.

முதல் வெடி. கோது பறந்தது. யோகராஜாவுக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது வெடி. அதுவும் பறந்தது.

மூன்றாவது கொஞ்சம் அமுங்கிக் கேட்டது. கோது வரவில்லை.

பழைய கோளாறு திரும்பிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். இழு பிள்ளை, இழு என்று வாய்க்குள் சொன்னார். இசைவிழியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சட்டென்று இழுத்தாள். கோது விழுந்தது, அடுத்த ரவை ஏறியது. கன்னத்தைத் துவக்கில் பதித்தாள்.

ரோல்ஸ் பெட்டி சரளைக்கல்லில் விழுந்து சிதறியது.

இராஜேஸ்வரி கயிற்றைத் தாண்டியிருந்தாள்.

அவள் கத்தவில்லை. இரண்டு பக்கமும் துவக்குகள் வெடித்துக்கொண்டிருக்க, முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்தி ஓடினாள். மகளின் பக்கத்தில் தொப்பென்று விழுந்து, விசைக்குப் பின்னால் தன் விரலைச் செருகினாள். இசைவிழி அழுத்திய அழுத்தம் அந்த விரலில் வந்து நின்றது.

மற்றக் கை ரவைக்கூட்டைக் கழற்றியது. பிடியை இழுத்தது. வெளியே வந்து விழுந்த ரவையைப் பொத்திப் பிடித்தது. அந்தக் கை செய்வதை அவள் பார்க்கவே இல்லை. கண் முழுக்க மகளின் முகத்திலேயே இருந்தது.

சிவப்புக் கொடி ஏறியது. திடல் அடங்கிப்போனது.

பொறுப்பாளர் முகம் சிவக்கக் கத்திக்கொண்டு ஓடி வந்தார். இராஜேஸ்வரி துவக்கின் குழலைத் தொட்டுக் காட்டினாள். அவர் குழலுக்குள் கம்பியை விட்டார். பாதியில் தட்டுப்பட்டது. தட்டித் தட்டித் தள்ளியபோது செப்பு நிறத் துண்டு ஒன்று அவருடைய உள்ளங்கையில் வந்து விழுந்தது.

மூன்றாவது ரவைக்கு வெடிமருந்து போதவில்லை. அதன் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் துவக்கு பிள்ளையின் கன்னத்திலேயே வெடித்திருக்கும் என்று பொறுப்பாளர் யோகராஜாவிடம் சொன்னார்.

யோகராஜா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மகளின் முகம் தப்பியதை நினைத்தா, இத்தனை வருடமாகத் தனக்குச் சோறு போட்டுத் தந்த அந்தக் கைகளை நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை. வன்னியில் தையல் பழகிய பிள்ளை, சண்டை பிடித்த இயக்கத்தோடு ஒரு ஒட்டும் இல்லை என்றுதான் கலியாணம் பேசியவர் சொன்னார். அவளும் அதையேதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை.

இராஜேஸ்வரி திரும்பி வந்து, சரளைக்கல்லில் கிடந்த ரோல்ஸை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் பொறுக்கினாள். அவர் பக்கத்தில் குந்தினார்.

"உமக்கு எப்பிடியப்பா தெரியும்?"

அவள் நிமிரவில்லை. ஒரு ரோல்ஸில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டினாள்.

"அண்டைக்கும் வெடி இப்பிடித்தான் அமுங்கினது. முந்தின இசைவிழிக்கு நான் கத்தித்தான் பாத்தனான்," என்றாள். "அவளுக்குக் கேக்கேல்லை."